ஒட்டுமாவும் பருவமும்: ஒரு மாங்கொட்டை நடத்திய பாடம்



தொடக்கநிலை நான்காம் வகுப்பில் செடிகொடிகளைப் பற்றிய ஒரு வாசிப்புப் பகுதியை நடத்திக்கொண்டிருந்தபோது நான் ஒரு பிழை செய்தேன். "மாங்கொட்டையை நட்டால் மரம் வரும், ஆனால் தாய்மரத்தின் பழம் வராது. அதனால்தான் ஒட்டுக் கட்டுகிறார்கள்" என்று மிகுந்த உறுதியுடன் கூறினேன். தமிழ்நாட்டில் படித்த காலத்தில் பாடநூலில் கற்றது அது; ஐயம் கொள்ள வேண்டிய தேவையே எனக்கு எழவில்லை.

மறுநாள் காலையில் ஒரு மாணவி என் மேசைக்கு அருகில் வந்து நின்றாள். "டீச்சர், நீங்கள் சொன்னது சரியில்லை என்று எங்கள் பாட்டி சொல்கிறார்" என்றாள். அவளுடைய பாட்டி இளமையில் பொங்கோல் சாலையை ஒட்டியிருந்த கம்பம் ஒன்றில் வாழ்ந்தவர். வாசலில் நின்ற மாமரத்தின் கொட்டைகளை அவரே நட்டாராம். வளர்ந்த மரங்கள் எல்லாம் தாய்மரத்தைப் போலவே காய்த்தனவாம். யாரும் ஒட்டுக் கட்டவில்லை.

அந்தப் பாட்டி பிழையாக நினைவு வைத்திருக்கிறார் என்று சொல்லி அச்சிறுமியை அனுப்பிவிட்டிருக்கலாம். அவ்வாறு செய்யாமல், "பார்த்துச் சொல்கிறேன் அம்மா" என்றேன். பார்க்கத் தொடங்கியபின் மாமரத்தின் வரலாறு என்னை நெடுந்தூரம் அழைத்துச் சென்றுவிட்டது. அங்கே கண்டவற்றை உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இதனை எழுதுகின்றேன்.

இரு வகைக் கொட்டைகள்

முதலில் பாட்டியின் வழக்கைத் தீர்த்துவிடுவோம். மாமரத்தில் இரண்டு பெரும் கிளைகள் உண்டு. இந்தியத் துணைக்கண்டத்தின் மாவகைகளில் பெரும்பாலானவற்றின் கொட்டைக்குள் ஒரே ஒரு கருதான் இருக்கும். அது தாய்மரப் பூவும் மற்றொரு மரத்தின் மகரந்தமும் கலந்து பிறந்த கரு. ஆகவே அதிலிருந்து வரும் கன்று தாயைப் போல் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மல்கோவாவின் கொட்டையை நட்டுப் பத்தாண்டு காத்திருந்தால், நாரும் புளிப்புமாக ஒரு பழம் கிடைத்தாலும் வியப்பதற்கில்லை.

தென்கிழக்காசிய மாவகைகள் பலவற்றில் நிலைமை வேறு. பிலிப்பீன்சின் கரபாவோ, தாய்லாந்தின் நாம் டோக் மாய் போன்ற வகைகளின் கொட்டைக்குள் பல கருக்கள் இருக்கும். அவற்றில் பெரும்பாலானவை மகரந்தத்தின் கலப்பின்றித் தாயின் திசுவிலிருந்தே உருவானவை. எனவே அவற்றிலிருந்து எழும் கன்றுகள் தாயின் மறுபதிப்புகள். கேரளக் கடற்கரையின் ஒலூர், சந்திரக்காரன் முதலிய சில வகைகளும் இத்தன்மை உடையவை.

ஆக, நான் சொன்னது சேலத்து மாவுக்குச் சரி. கம்பத்து மாவுக்குத் தவறு. பாட்டி சொன்னது கம்பத்து மாவுக்கு முற்றிலும் சரி. இந்தியாவில் நல்ல பழத்தைக் காப்பாற்ற வேண்டுமானால் ஒட்டுக் கலை இன்றியமையாததாயிற்று. இங்கோ ஒரு கொட்டையைக் கையில் எடுத்துச் சென்று நட்டாலே பல இடங்களில் போதுமானதாயிருந்தது.

வராகமிகிரரும் போர்த்துக்கீசியரும்

ஒட்டுக் கட்டும் எண்ணம் இந்தியாவுக்குப் புதியதன்று. கி.பி. 6ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த வராகமிகிரர் தம் பிருகத் சம்கிதையில் மரங்களைப் பேணும் முறைக்கென ஒரு பகுதியை ஒதுக்கியுள்ளார். பலா, நாவல், மாதுளை, திராட்சை முதலியவற்றைக் கிளையை வெட்டிச் சாணம் பூசி நடலாம் என்றும், அதைவிட ஒரு மரத்தை மற்றொன்றின் வேரிலோ தண்டிலோ பொருத்துவது நன்று என்றும் அதில் கூறப்பட்டுள்ளது. அதனை ஒட்டியே பருவமும் சொல்லப்படுகிறது. கிளை விடாதவற்றைப் பின்பனிக் காலத்திலும், கிளை விட்டவற்றை முன்பனிக் காலத்திலும், நன்கு பருத்த கிளைகள் உடையவற்றை மழைக்காலத் தொடக்கத்திலும் எடுத்து நட வேண்டுமாம். ஏறத்தாழ 1,500 ஆண்டுகளுக்கு முன்பே, "எப்படி" என்பதற்குச் சமமாக "எப்போது" என்பதும் கற்பிக்கப்பட்டிருக்கிறது என்பதை நாம் கவனிக்க வேண்டும். ஆனால் அந்தப் பட்டியலில் மாமரத்தின் பெயர் இல்லை.

மாமரத்தில் ஒட்டுக் கலை பெருவழக்காக வந்தது கோவாவில் என்பதே பரவலாக ஏற்றுக்கொள்ளப்பட்ட கருத்து. 1510இல் அபோன்சோ டி அல்புகர்க் கோவாவைக் கைப்பற்றினார். அதன்பின் வந்த போர்த்துக்கீசியப் பாதிரிமார் ஐரோப்பியப் பழத்தோட்டங்களில் தாம் கற்றிருந்த ஒட்டு முறையை உள்ளூர் மாமரங்களில் செய்துபார்த்தனர். அல்போன்சா என்று நாம் தேக்காவில் பெட்டி பெட்டியாக வாங்கும் பழத்தின் பெயர் அந்தத் தளபதியின் பெயரிலிருந்து வந்தது என்பர். 1563இல் கோவாவில் அச்சான கார்சியா டா ஓர்ட்டாவின் மூலிகை நூல் மாம்பழத்தைச் சிறப்பித்துப் பேசுகிறது. பம்பாயில் அவருக்கிருந்த மாமரம் ஒன்று ஆண்டுக்கு இருமுறை காய்த்தது என்னும் செய்தியும் அதில் உண்டு. முகலாயர் பக்கம் பார்த்தால், தர்பங்காவில் அக்பர் ஓர் இலட்சம் மாமரங்கள் கொண்ட தோப்பை அமைத்ததாகச் சொல்லப்படுவதுண்டு.

தாய்மரத்தை விட்டு விலகாத ஒட்டு

அக்காலத்து ஒட்டு முறையைச் சற்று விரிவாகப் பார்ப்போம். காலநிலையின் பங்கு அதில்தான் தெளிவாகப் புலப்படுகிறது.

ஒட்டு என்பது இரு செடிகளின் காயங்களைச் சேர்த்துக் கட்டுவது. பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே கேம்பியம் என்னும் மெல்லிய வளர்படலம் இருக்கிறது. இரண்டு செடிகளின் வளர்படலங்களும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால், காயத்தை ஆற்றும் திசு வளர்ந்து, இரண்டும் ஒன்றாகிவிடும். வேர் உள்ள செடியை வேர்ச்செடி என்றும், மேலே பொருத்தப்படும் நல்லினக் குச்சியை ஒட்டுத்தண்டு என்றும் சொல்வர்.

இடர் எங்கே என்றால், ஒட்டுத்தண்டை மரத்திலிருந்து வெட்டிய நொடியிலிருந்து அதற்கு நீர் கிடையாது. காயம் கூடுவதற்கு இரண்டு மூன்று வாரங்கள் ஆகும். அதுவரை தன்னிடம் இருக்கும் ஈரத்தைக் கொண்டே அது உயிர்வாழ வேண்டும். வறண்ட காற்று அடித்தால் காய்ந்துவிடும். மழைநீர் வெட்டுக்குள் புகுந்தால் பூஞ்சணம் பிடித்துக் கறுத்துவிடும். வெயில் மிகுந்தாலும் குளிர் மிகுந்தாலும் திசு வளராது. காற்றில் ஈரம் இருக்க வேண்டும், ஆனால் வெட்டில் நீர் இருக்கக் கூடாது; வெப்பம் 25 முதல் 30 பாகை செல்சியசை ஒட்டி இருக்க வேண்டும்; செடியில் சாறு ஏறிக்கொண்டிருக்க வேண்டும். இவ்வளவும் ஒருங்கே அமையும் நாள்கள் ஆண்டில் சிலவே.

பழைய தோட்டக்காரர்கள் இந்த இடரைத் தாண்டக் கண்ட வழி நெருக்கு ஒட்டு. அவர்கள் ஒட்டுத்தண்டை வெட்டவே இல்லை. ஏறத்தாழ ஓராண்டு வளர்ந்த வேர்ச்செடியைத் தொட்டியோடு தூக்கிச் சென்று, தாய்மரத்தின் கிளைக்கு எட்டும் உயரத்தில் பரண் கட்டி வைத்தார்கள். கன்றின் தண்டிலும் மரத்தின் சிறு கிளையிலும் பட்டையைச் சீவி, இரண்டையும் சேர்த்து நாரினால் கட்டினார்கள். இரண்டு மூன்று மாதங்கள் கழித்து, காயம் கூடியது உறுதியான பிறகே, கிளையைத் தாய்மரத்திலிருந்து சிறிது சிறிதாக அறுத்துப் பிரித்தார்கள். அதுவரை கிளைக்குத் தாய்மரமே நீர் ஊட்டியது. பருவம் சற்றுத் தவறினாலும் தாய்மரம் காப்பாற்றிவிடும்.

இம்முறையிலும் பருவம் பார்க்காமல் இல்லை. மழைக்காலமே உகந்தது, மழை மிகுந்த பகுதிகளில் அதன் தொடக்கத்திலோ இறுதியிலோ கட்டுவார்கள். ஆனால் இதன் விலை காலமும் உழைப்பும். ஒவ்வொரு கன்றையும் மரத்திடம் கொண்டுசெல்ல வேண்டும். மாதக்கணக்கில் நாள்தோறும் பரண்மேல் நீர் ஊற்ற வேண்டும். அதனால்தான் ஒட்டுமா நெடுங்காலம் அரண்மனைத் தோட்டத்தின் பொருளாகவும் செல்வரின் பொருளாகவும் இருந்தது.

கொட்டையும் மழையும் ஒரே வரிசையில்

20ஆம் நூற்றாண்டில் நிலைமை மாறியது. ஒட்டுத்தண்டைத் துணிந்து வெட்டியெடுத்து நாற்றங்காலிலேயே ஒட்டும் முறைகள் வந்தன. அவற்றுள் நம் மாணவர்களுக்குச் சொல்லத் தக்கது விதைக்குருத்து ஒட்டு. கொட்டை முளைத்து எட்டு முதல் பதினைந்து நாள்களுக்குள், இலைகள் இன்னும் செம்பு நிறத்தில் இருக்கும்போதே, குருத்தின் தலையை வெட்டி, பிளந்து, அதே பருமனுள்ள நல்லினக் குச்சியை ஆப்புப் போல் சீவிச் செருகிக் கட்டுகிறார்கள். குச்சியை எடுப்பதற்கு ஏழு முதல் பத்து நாள்களுக்கு முன்பே மரத்திலேயே அதன் இலைகளை நீக்கிவிடுகிறார்கள். அப்போது நுனிமொட்டு பருத்து, துளிர்க்க ஆயத்தமாகிவிடும். நாரின் இடத்தைப் பாலித்தீன் நாடா பிடித்தது. மேலே கவிழ்க்கும் சிறு பாலித்தீன் உறை காற்றின் ஈரத்தைப் பிடித்து வைத்தது. தாய்மரம் செய்த வேலையில் ஒரு பகுதியை ஒரு பாலித்தீன் உறை ஏற்றுக்கொண்டது எனலாம்.

எல்லாவற்றையும் உறை ஏற்றுக்கொள்ளவில்லை. எஞ்சியதைப் பருவம்தான் தர வேண்டும். கிருஷ்ணகிரி மாவட்டத்தை எடுத்துக்கொள்வோம். சந்தூர்ப் பகுதி ஒட்டுமாங்கன்றுகளுக்குப் பெயர் பெற்றது. அங்கே மே முதல் சூலை வரை பழக்காலம். மாங்கூழ் ஆலைகளிலிருந்து கொட்டைகள் மலைமலையாகக் கழிவாக வெளிவருகின்றன. மாங்கொட்டை நெல்லைப் போல் சேமித்து வைக்கத்தக்க விதையன்று. காய்ந்துவிட்டால் சில வாரங்களில் முளைக்கும் ஆற்றலை இழந்துவிடும். எனவே உடனே விதைத்தாக வேண்டும். விதைத்த கொட்டை முளைக்கும் வேளையில் மழைக்காலம் தொடங்கிவிடுகிறது. பழம் பழுப்பதும், கொட்டை கிடைப்பதும், காற்றில் ஈரம் ஏறுவதும் அந்த மண்ணில் ஒரே வரிசையில் அமைந்திருக்கின்றன. ஒட்டுக் கட்டுபவர் அந்த வரிசைக்குள் தம் கத்தியை நுழைக்கிறார். இவ்வாறு கட்டிய கன்று மூன்று முதல் ஐந்து ஆண்டுகளில் காய்க்கத் தொடங்கும்.

ஓர் உறைபனியும் ஒரு மல்கோவாவும்

காலநிலை ஒரு பழத்தின் வரலாற்றையே எப்படி மாற்றும் என்பதற்கு அமெரிக்காவின் புளோரிடா ஒரு சான்று. 1889இல் அமெரிக்க வேளாண் துறை பம்பாயிலிருந்து ஒட்டுமாங்கன்றுகளை வரவழைத்தது. அவற்றில் "முல்கோபா" என்று பெயரிட்டவையும் இருந்தன. நம் மல்கோவாவின் பெயர்தான் அப்படி உருமாறிற்று. 1894-95 குளிர்காலத்தில் புளோரிடாவை வரலாறு காணாத உறைபனி தாக்கியது. எல்பிரிட்ஜ் கேல் என்பவரின் தோட்டத்தில் இருந்த முல்கோபாக்களில் ஒன்றே ஒன்று பிழைத்தது. 1898இல் அது காய்த்தது. அதன் கொட்டைகளை ஹேடன் என்னும் முன்னாள் படைத்தலைவர் 1902இல் நட்டார். 1910இல் அவற்றில் ஒரு மரம் தாயைப் போலன்றிச் சிவந்த கன்னத்தோடு பழுத்தது. அதுவே ஹேடன் மா. இன்று அமெரிக்கப் பேரங்காடிகளை நிறைத்திருக்கும் டாமி அட்கின்ஸ் அதன் வழித்தோன்றல்.

இந்தியக் கொட்டை தாயைப் போல் பிறக்காது என்பதை நாம் குறையாகவே சொல்கிறோம். அந்தக் "குறை" இல்லையென்றால் ஹேடன் பிறந்திருக்காது.

சிங்கப்பூரின் கணக்கு

நம் ஊருக்கு வருவோம். செங்காங்கில் அடுக்குமாடி வீடுகள் எழுமுன் இப்பகுதியில் ரப்பர்த் தோட்டங்கள் இருந்தன. சிராங்கூன் ஆற்றோரம் காங்கார் என்னும் மீனவர் கிராமம் இருந்தது. ரப்பரின் கதையும் பருவத்தின் கதைதான். 1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து கொண்டுவந்த ஏறத்தாழ 70,000 விதைகளில் இலண்டன் கியூ தோட்டத்தில் முளைத்தவை 2,700 அளவே. ரப்பர் விதையும் மாங்கொட்டையைப் போல விரைவில் உயிர் இழப்பது. கண்ணாடிப் பெட்டிகளில் வைத்து 1,919 கன்றுகளை அவ்வாண்டே இலங்கைக்கு அனுப்பினர். 1877இல் சிங்கப்பூருக்கு வந்தவை 22 கன்றுகள். 1888இல் தாவரவியல் தோட்டப் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் பால் வெட்டும் முறையை வகுத்தார். 1910களில் சாவகத்தில் ரப்பருக்கு மொட்டு ஒட்டு முறை உருவாகி, பின்னர் மலாயாத் தோட்டங்களுக்கும் வந்தது. மழையில் பால் வெட்ட முடியாது, வெயில் ஏறுமுன் வெட்டினால்தான் பால் நன்கு வடியும் என்பதெல்லாம் தோட்டத்துத் தமிழர்களின் அன்றாட அறிவு. அம்மாணவியின் பாட்டி அப்படியொரு பால்வெட்டுக் குடும்பத்தில் பிறந்தவர்.

மாமரத்துக்கு நம் தீவின் காலநிலை ஒரு புதிர். மா பூப்பதற்குக் குளிர்ந்த இரவுகளோ தெளிவான வறட்சியோ வேண்டும். இங்கே வெப்பம் பெரும்பாலும் 24 பாகைக்குக் கீழே இறங்குவதில்லை. ஒவ்வொரு மாதமும் மழை உண்டு. ஆகவே நம் சாலையோர மரங்கள் சிறு வறட்சி கிடைக்கும்போதெல்லாம், ஒரு பக்கக் கிளை ஒரு நேரம், மறுபக்கக் கிளை மற்றொரு நேரம் எனப் பூக்கின்றன. பூத்த பின் மழை வந்தால் பூங்கொத்துகள் கருகிவிடுகின்றன. ஆண்டுத் தொடக்கத்தில் தெளிவான வறட்சி உள்ள வடமலேசியாவின் பெர்லிசிலோ ஹருமானிஸ் மா பருவம் தவறாமல் ஏப்ரல் முதல் சூன் வரை பழுக்கிறது. பூக்கும் காலத்தை மனிதரே வரவழைக்கும் வழியையும் நம் பக்கத்து நாட்டவரே கண்டார்: பிலிப்பீன்சு அறிவியலர் ரமோன் பார்பா, பொட்டாசியம் நைட்ரேட்டைத் தெளித்தால் மா பூக்கும் என்று 1970களில் காட்டினார்.

எனக்கு விடுமுறை, மரத்துக்கு இல்லை

இவற்றையெல்லாம் படித்தபின் கைகள் சும்மா இருக்கவில்லை. எங்கள் வட்டாரச் சமூகத் தோட்டத்தில் வளர்ந்த உள்ளூர் மாங்கன்றுகளில், நண்பர் வீட்டு இந்திய மாவின் குச்சிகளை ஒட்டினேன். நேரம் கிடைத்தது டிசம்பர் விடுமுறையில். வடகிழக்குப் பருவமழை கொட்டிக்கொண்டிருந்தது. எட்டுக் கன்றுகளில் ஏழு கறுத்துப்போயின. எட்டாவது துளிர்ப்பது போல் காட்டிப் பின் வாடியது.

தோட்டத்தைப் பேணும் மூத்த சீன அன்பர் ஒருவர் பொறுமையாகப் பார்த்துவிட்டு, "உங்கள் நாட்காட்டியைப் பார்த்துச் செய்தீர்கள். குச்சியின் நுனியைப் பார்த்துச் செய்யுங்கள்" என்றார். மழை தணிந்து, பிப்ரவரி வறட்சியும் கடந்தபின், மரத்தின் நுனிமொட்டுகள் பருக்கத் தொடங்கின. பத்து நாள் முன்னதாக இலைகளை நீக்கி, மார்ச்சு விடுமுறை வாரத்தில் மீண்டும் எட்டு ஒட்டினேன். தொட்டிகளைக் கூரையடியில் வைத்து, பாலித்தீன் உறை கவிழ்த்தேன். ஐந்து பிழைத்தன. என் கை அதற்குள் தேர்ச்சி பெற்றுவிடவில்லை. பருவமும் கூரையும் கைகொடுத்தன.

வகுப்பறையிலும் ஒரு சோதனை செய்தோம். தேக்காவில் வாங்கிய பங்கனபள்ளியின் கொட்டையையும் எங்கள் வட்டாரத்து மரத்தின் கொட்டையையும் ஓடு நீக்கி நட்டோம். முதலாவதில் ஒரே குருத்து எழுந்தது. இரண்டாவதில் மூன்று எழுந்தன. வகுப்பின் முன் நின்று, "நான் சொன்னது பிழை; பாட்டி சொன்னது சரி" என்றேன். ஒருவரும் சிரிக்கவில்லை. அந்த மாணவி அன்று தன் பாட்டியின் மரத்தைப் பற்றி ஒரு பக்கம் தமிழில் எழுதினாள். அதுவரை மூன்று வரிக்கு மேல் எழுதாத பிள்ளை அவள். எழுதுவதற்காக வீட்டில் பாட்டியிடம் பல கேள்விகள் கேட்டிருக்கிறாள். தமிழில்தான் கேட்டிருக்க முடியும், பாட்டிக்கு வேறு மொழி வராது.

2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, சிங்கப்பூர் இந்தியரில் வீட்டில் தமிழையே மிகுதியாகப் பேசுவோர் நூற்றுக்கு 28 பேர் அளவே. அதற்குப் பத்தாண்டு முன்பு ஏறத்தாழ 37 பேர். நாம் பிள்ளைகளுக்குத் தரும் தமிழ் வேறு மண்ணிலிருந்து வந்த குச்சிதான். இந்த மண்ணின் வேரில் அது கூட வேண்டும். அந்த மண்ணின் நாட்காட்டியை அப்படியே இங்கு விரிக்க இயலாது. பிள்ளை எப்போது துளிர்க்க ஆயத்தமாக இருக்கிறது என்பதை நாம்தான் அருகிலிருந்து பார்க்க வேண்டும். காயம் கூடும்வரை கிளையைத் தாய்மரத்தை விட்டுப் பிரிக்காத பழைய தோட்டக்காரரைப் போல, தாத்தா பாட்டியரிடமிருந்து பிள்ளைகளை அவசரப்பட்டு விலக்காமல் இருப்பதும் நம் கையில் இருக்கிறது.

பெற்றோர்களுக்கு ஒரு சிறு வேண்டுகோள். அடுத்த முறை மாம்பழம் வாங்கும்போது கொட்டையை எறிந்துவிடாதீர்கள். காயுமுன் ஓடு நீக்கி ஒரு தொட்டியில் ஊன்றுங்கள். எத்தனை குருத்து எழுகிறது என்று பிள்ளையை எண்ணச் சொல்லுங்கள். வீட்டில் மூத்தவர் இருந்தால், அவர் ஊரில் நின்ற மரத்தைப் பற்றிக் கேட்கச் சொல்லுங்கள். அவர் சொல்வது பாடநூலுக்கு மாறாக இருந்தால், தயங்காமல் பள்ளிக்கு வந்து ஆசிரியரிடம் சொல்லச் சொல்லுங்கள்.